ஊருக்கெல்லாம் ஒரே கையெழுத்து

கடலூரில் எங்கள் வரலாற்று வட்டத்தில் மொத்தமே ஒன்பது பேர். பெரும்பாலும் என்னைப் போல ஆசிரியர்கள். மாதம் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் பங்குத் தேவாலயத்தின் பின்னால் உள்ள அறையில் கூடுவோம். கடலோரத்து மக்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்ல, அதைப் பதிவு செய்வதுதான் எங்கள் வேலை. டெல்லியில் இருக்கும் ஒரு தேசியக் கூட்டமைப்பில் உறுப்பினரான பிறகுதான் எங்களையும் நாலு பேர் மதித்தார்கள். கூட்டமைப்பு ஒலிப்பதிவுக் கருவி தந்தது, தன் இணையதளத்தில் எங்களுக்கு இடம் ஒதுக்கியது, அண்ணாமலை நகரில் இரண்டு நாள் பயிற்சியும் நடத்தியது.

பயிற்சியில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பேசியவருக்குப் பதிவைப் போட்டுக் காட்டி, அதன் பிறகு வெளியிடச் சம்மதம் என்று அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மீனவ ஊரைப் பற்றி டெல்லிக்காரர்களுக்கு என்ன தெரியும்? இங்கே பஞ்சாயத்து சரி என்றால் எல்லா வீடும் சரி என்றதுதான். பஞ்சாயத்தாரைப் பார்த்து, ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். நான் பதிவு செய்திருந்த இருபத்திரண்டு பேருக்கும் இது போதுமா என்று கூட்டமைப்பிலிருந்து போன் செய்து கேட்டார்கள். ஊர் வழக்கமே அதுதான் என்று அடித்துச் சொன்னேன். உள்ளூர்க்காரி சொல்கிறாளே என்று நம்பிவிட்டார்கள்.

அந்த இருபத்திரண்டு பேரில் கூடை சுமந்து மீன் விற்கும் ஓர் அக்காவும் இருந்தார். சுனாமி நாளைப் பற்றிக் கேட்டேன். அவருடைய மாமியாருக்கு நினைவு தடுமாறியிருந்ததாம், கால் போன போக்கில் கரைக்குப் போய்விடுவாராம். அதனால் வியாபாரத்துக்குக் கிளம்பும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவது அக்காவின் வழக்கம். அன்றும் பூட்டினார். அலை வீட்டோடு சேர்த்து மாமியாரையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. கடலிலிருந்து திரும்பிய கணவரிடம், அம்மா கரைக்குப் போயிருந்ததாகச் சொல்லிவிட்டார். "பூட்டுனது நான்தான் டீச்சர்" என்று அவர் சொன்னபோது நானும் அழுதேன். நல்ல பதிவு கிடைத்தது என்றும் உள்ளுக்குள் நினைத்தேன். அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

பதிவுகள் வெளியானதும் இணைப்பை ஊர் வாட்ஸாப் குழுவில் நானே பெருமையாகப் போட்டேன். மூன்றாம் நாள், சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கே அக்கா வந்துவிட்டார்.

"உங்ககிட்ட சொன்னா மனசு ஆறும்னு சொன்னேன். ஊருக்கே போடுவீங்கன்னு தெரியாது. அவரு இன்னும் கேக்கல. எடுத்துடுங்க."

கூட்டமைப்புக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். மற்ற பதிவுகளையும் நிறுத்தி வைக்கிறோம், ஒவ்வொருவரிடமும் போய்க் கேளுங்கள், துணைக்கு ஆள் வேண்டுமானால் அனுப்புகிறோம் என்றார் அங்கிருந்த பெண். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அன்று சாயங்காலமே அக்காவிடம் நேரில் சொல்லலாம் என்று ஊருக்குப் போனேன். அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். கணவர் மட்டும் இருந்தார். காலையிலேயே கேட்டுவிட்டாராம். தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"பூட்டுனத விடுங்க. நானா இருந்தாலும் பூட்டிட்டுதான் போயிருப்பேன். இருவது வருஷமா ஒரே வீட்டுல கெடக்குறோம். என்கிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்லியிருக்கா."

அவர் தன் போனை நீட்டினார். அவள் குரலில் அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும், தேடினால் வரமாட்டேன் என்கிறது, போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

என் கைப்பையில் இருந்த கருவியில் அது இருந்தது. அக்காவைக் கேட்காமல் போட முடியாது என்றேன். இத்தனை நாளில் அன்றுதான் முதல் தடவையாக அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.