பாதிக் கம்ப்யூட்டர்

விவேக் நகர் வீட்டில், பீரோவின் மேல் ஒரு கம்ப்யூட்டர் கீபோர்டு பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. கீபோர்டு மட்டும்தான், கம்ப்யூட்டர் கிடையாது. தொண்ணூறுகளில், வேலை கிடைத்து அக்கா வீட்டில் தங்கியிருந்த நான் தினமும் கண் விழித்ததும் பார்த்தது அதைத்தான். அக்காவின் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். தங்கவயல் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்துவிட்டுப் பெங்களூர் வந்தவர். அலுவலகங்கள் கழித்துக் கட்டும் கம்ப்யூட்டர்களையும் ரேடியோக்களையும் தேடிக் கொண்டுவந்து, தன்னைப்போன்ற பித்துப் பிடித்தவர்களோடு மாற்றிக்கொள்வார்.

அந்தக் கீபோர்டுக்கு உரிய பெட்டியும் திரையும் ஒக்கலிபுரத்தில், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் இருந்தன. வேறு எந்தக் கீபோர்டும் அதில் சேராது. மாமா தன்னிடமிருந்த வால்வு ரேடியோவைத் தருவதாகச் சொல்லிப் பெட்டியைக் கேட்டார். பெரியவர் டேப் ரெக்கார்டரைத் தருவதாகச் சொல்லிக் கீபோர்டைக் கேட்டார். இருவரும் மசியவில்லை. மாமா சோற்றில் கை வைத்தபடி யோசிப்பார், பாதியில் எழுந்துவிடுவார். வாசலில் ஆட்டோ நின்றால் பெரியவர்தான் இறங்கி வருகிறாரோ என்று ஜன்னலுக்கு ஓடுவார்.

ஒருநாள் செய்தி வந்தது: பெரியவரை மகன் மைசூருக்கு அழைத்துப் போகிறான், சாமான்களெல்லாம் பழைய இரும்புக்காரனுக்கு. மாமா வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். போய்க் கேளுங்கள் என்றாள் அக்கா. அவரே வந்து கேட்கட்டும் என்றார்.

மறுநாள் மாமா வேலைக்குப் போனதும் அக்கா பீரோவின் மேலிருந்ததை எடுத்துக் கூடையில் வைத்தாள். நானும் அவளும் பஸ் பிடித்து ஒக்கலிபுரம் போனோம். பெரியவர் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பதிலுக்கு என்ன வேண்டுமென்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க ஐயா. அது ஓடுதான்னு பாருங்க. ஓடுனா எங்க வூட்டுக்காரர கூப்ட்டுக் காமிங்க, போதும்."

அன்று மாலையே பெரியவர் அனுப்பிய ஆள் வந்து மாமாவைக் கூட்டிப்போனான். திரையில் பச்சை எழுத்து வந்ததாம். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். மாமா திரும்பியபோது ஆட்டோவில் பெட்டி, திரை, கீபோர்டு அத்தனையும் இருந்தன. மகன் வீட்டில் இடமில்லை, முழுசா நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர் கொடுத்துவிட்டாராம்.

இனி மாமா அடங்கிவிடுவார் என்று நினைத்தேன். சில வாரம் அதைத் துடைப்பதும் ஓட்டுவதுமாக இருந்தார். பிறகு ஊருக்கு வெளியே அத்திபெலேயில் ஒருவரிடம் கொண்டுபோய், திரை இல்லாத வேறொரு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு வந்து நின்றார். எனக்குக் கோபம் வந்தது. அக்கா சிரித்தாள்.

"முழுசா இருந்தா அவருக்குத் தூக்கம் வராதுடி" என்றாள்.

இப்போது மாமாவுக்கு முழங்கால் வலி. போன வாரம் ஒரு பழைய ரேடியோவுக்கு உதிரி பாகம் வேண்டுமென்று அலைந்துகொண்டிருந்தார். போனிலேயே வரவழைக்கலாம், நாளைக்கே வந்துவிடும் என்று என் மகன் தேடி எடுத்துக் காட்டினான். மாமா அதைக் கூர்ந்து பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"இருக்கட்டும்பா. யார்கிட்டயாவது இருக்கும். போய்ப் பாத்துட்டு வரேன்."