தேத்தண்ணியும் சாப்பாடுதான்

“…மூடியத் தொறந்து மோந்துகூடப் பாக்கல மிஸ்ஸி. சந்தேகமா இருந்தா சொல்லு, வாய ஊதிக் காட்டுறேன்” என்று சொல்லிக்கொண்டே கங்காணியக்கா தன் சிவப்பு மூடி பிளாஸ்க்கைத் தாதியின் மேசைமேல் ‘டொக்’கென்று வைத்தார். தோட்டத்து மண்டபத்தில் காலை ஏழரை மணிக் குளிர். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த ‘டொக்’, அந்தச் சிரிப்பு, ஜன்னலுக்கு வெளியே சரிவில் யாரோ மோட்டார்சைக்கிளை உதைக்கும் சத்தம், எல்லாம் என் பதிவில் இருக்கின்றன. பிளாஸ்க்கில் தேத்தண்ணி கழுத்துவரை அப்படியே இருந்தது. குடிக்கப்படாத ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியைத் தன் வாழ்நாள் வெற்றி என்று சொல்லித் திரிகிறவன் கேமரன் மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒலித்தொடர் தயாரிப்பது என் தொழில். யாரும் சொல்லித்தந்து வந்ததில்லை. பிரிஞ்சாங்கில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்த்தபோது, பழுது பார்க்க வருகிறவர்களின் பேச்சில் மயங்கிப் போனவன் நான். “இது நல்லாத்தான் பேசுதுலா தம்பி, நான் பேசுனாத்தான் கேக்க மாட்டேங்குது, எங்க வீட்டுக்காரரு மாதிரி” என்று ஒரு அம்மா சொன்னதை ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்தேன். எழுதினால் குரல் போய்விடுகிறதே என்று பிறகு பதிய ஆரம்பித்தேன். வெட்டவும் ஒட்டவும் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டேன். முதலில் ஒரு பண்பாட்டு மன்றத்துக்காகத் தோட்டத்துக் கல்யாணப் பாட்டுகளைப் பதிந்தேன். அதைக் கேட்டுவிட்டு, கீழே பட்டணத்திலிருந்து வந்து ரத்தப் பரிசோதனை நடத்தும் ஒரு சுகாதாரச் சங்கம் என்னைக் கூப்பிட்டது. இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோயைப் பற்றிச் சின்னச் சின்ன ஒலித்துண்டுகள் வேண்டும், தோட்டத்து ஆட்கள் வாட்ஸ்அப்பில் கேட்கும்படி இருக்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சங்கம் அனுப்பிய தாளில், ‘பரிசோதனைக்கு முந்தைய இரவு முதல் உணவு எதுவும் உட்கொள்ளாமல் வரவும்’ என்று இருந்தது. இப்படியா பேசுவார்கள் எங்கள் சனங்கள்? பெரிய கெட்டிக்காரனாக அதை அடித்துவிட்டு, “காலையில பசியாறாம வந்துருங்க” என்று என் குரலிலேயே பேசி அனுப்பினேன். எங்கள் நாட்டில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது என்று எனக்கு அவ்வளவு பெருமை.

சொன்னபடி எல்லாரும் பசியாறாமல்தான் வந்தார்கள். தாதி ஒவ்வொருவரையும் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்க, “இல்ல மிஸ்ஸி” என்ற பதில் கணீரென்று வந்துகொண்டிருந்தது. ஊசிக்கு முதல் ஆளாக உட்கார்ந்தவர் கங்காணியக்கா. எங்கள் பக்கத்து மலைகளில் கங்காணியான முதல் பெண். கொழுந்து வெட்டும் இயந்திரம் இரைந்தாலும் அதற்குமேல் கேட்கும் தொண்டை அவருக்கு. “சத்தியமாப் பசியாறல மிஸ்ஸி. தேத்தண்ணி மட்டுந்தான் குடிச்சேன்” என்றார். தாதியின் கை ஊசியோடு நின்றது. “பால் ஊத்தியா?” “டின் பால் இல்லாம அது என்ன தேத்தண்ணி?” தாதி எழுந்து வரிசையைப் பார்த்துக் கேட்டார். நூல் பிடித்த மாதிரி அத்தனை கைகளும் உயர்ந்தன. தேயிலைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். விடியும்போது குடிக்கும் இனிப்புத் தேத்தண்ணி அவர்களுக்கு முகம் கழுவுவது மாதிரி. அதை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்? நானே அன்றைக்கு இரண்டு கோப்பை குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அன்று ஒரு துளி ரத்தம்கூட எடுக்க முடியவில்லை. சங்கத்து அதிகாரி பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டு என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். “இன்னும் ஒரே ஒரு தடவை மேல ஏறி வருவோம். அதுவும் இப்படி ஆச்சுன்னா வேற தோட்டத்துக்குப் போயிடுவோம் தம்பி.” அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆட்களின் பேச்சை நன்றாகத் தெரிந்தவன் என்ற எண்ணந்தான் என்னைக் குப்புறத் தள்ளியிருந்தது. பசியாறுவது என்ற சொல் எந்த வீட்டில் எதுவரை நீளும் என்று நான் ஒரு வீட்டிலும் கேட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் கங்காணியக்காவைத் தேடிப் போனேன். புதிதாக எழுதிய அறிவிப்புத் தாளை நீட்டினேன். படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். “நீ எழுதுனா நோட்டீஸ் மாதிரியே இருக்குலா. நான் பேசுறேன், நீ பட்டன அமுக்கு.” மழை வீட்டுத் தகரக் கூரையில் கொட்டியதால் என் பழைய வேனுக்குள் கம்பளியைத் தொங்கவிட்டுப் பதிந்தோம். நடுவில், கருவி ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டு, சட்டென்று அவர் குரல் தணிந்தது. இடது கால் பெருவிரலில் ஒரு புண்; இரண்டு மாதமாக ஆறவில்லை; பூட்ஸுக்குள் துணி சுற்றிக்கொண்டு மேடு ஏறுகிறார்; வீட்டிலும் சொல்லவில்லை. “நொண்டிக் கங்காணின்னு ஒரு தடவ பேரு வந்துட்டா, அப்புறம் எவன் என் சொல்லக் கேப்பான்?” அப்போதுதான் சிவப்பு விளக்கைப் பார்த்தார். “அத அழி.” அவர் கண் முன்னாலேயே அழித்தேன். இன்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதால்தான் இங்கே எழுதுகிறேன். அந்த இரண்டாம் பரிசோதனையில் என் வேலையைவிடப் பெரிய ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்த வேனுக்குள்தான் எனக்குத் தெரிந்தது.

பதிவு ஒரு நிமிடம்கூட இல்லை. “ஏய், நான்தான் பேசுறேன். வர்ற வியாழக்கெழம காலையில தேத்தண்ணியும் சாப்பாடுதான். கோப்பியும் சாப்பாடுதான். மைலோவும் சாப்பாடுதான். ரெண்டாவது லைன் வீட்டு அண்ணே, நீங்க நனைச்சுத் திங்கிற பிஸ்கோத்தும் சாப்பாடுதான். பச்சத்தண்ணி மட்டுந்தான் தண்ணி. மீறிக் குடிச்சுட்டு வந்தா மிஸ்ஸிகிட்ட இல்ல, என்கிட்ட பதில் சொல்லணும்.” அனுப்பிய அன்றே அது மலை முழுக்கச் சுற்றியது. திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர்கள் அதை அழைப்பு மணியாக வைத்துக்கொண்டார்கள். ரிங்லெட்டில் சாப்பாட்டுக்கடைக்கார நானா, “என் யாவாரத்துக்கே ஆப்பு வைக்கிறீங்களே தம்பி” என்று புலம்பிக்கொண்டே, தேத்தண்ணி ஆற்றியபடி கடை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் எதை எடுத்துத் தின்றாலும், “ஏய், நான்தான் பேசுறேன்” என்று ஒருவரை ஒருவர் மிரட்டினார்கள்.

அந்த வியாழக்கிழமை மண்டபத்தில் அவ்வளவு கடுகடுத்த முகங்களை நான் பார்த்ததே இல்லை. தேத்தண்ணி இல்லாத தலைவலி ஒவ்வொரு நெற்றியிலும் தெரிந்தது. “சீக்கிரம் குத்துங்க மிஸ்ஸி, வீட்ல அடுப்பு காத்துக்கிட்டு இருக்கு” என்று ரெண்டாவது லைன் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். ஒருவரைக்கூடத் தாதி திருப்பி அனுப்பவில்லை. தங்களுக்கு இனிப்பு நீர் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் அன்று தெரிந்துகொண்டு, பிறகு மருந்துக்குப் போனார்கள். சங்கம் இன்னும் மேலே ஏறி வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வருகைக்கு முன்னும் அதே குரல்தான் போகிறது. இப்போதெல்லாம் எந்தச் சொல்லையும் நாலு அடுப்படியில் கேட்டுப் பார்க்காமல் நான் பட்டனை அமுக்குவதில்லை. கங்காணியக்காவின் விரல் ஆறிவிட்டது. இன்று காலைகூட அந்த மேட்டில் எனக்கு முன்னால் ஏறிப்போய் நின்று, “என்னா தம்பி, மூச்சு வாங்குது?” என்று கேட்டார்.

ஆனால் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தக் காலையின் பதிவைத்தான். பிளாஸ்க்கின் ‘டொக்’. வாய ஊதிக் காட்டுறேன் என்ற சவடால். எல்லாருடைய சிரிப்பு. “வேணாம்க்கா, நம்புறேன்” என்று தாதியும் சிரித்தபடி ஊசியை எடுக்கிறார். அதற்குப் பிறகு பதிவில் ஒரு சின்ன மௌனம் வரும். கேட்கிறவர்களுக்கு அது வெறும் இடைவெளி. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கங்காணியக்கா தன் ஆட்கள் நின்ற வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, இடது கால் பூட்ஸைக் கழற்றி, சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, அத்தனை பேர் முன்னாலும் அந்தக் காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்தார்.