நாலு மூலையிலும் மஞ்சள்

காரைக்கால் கோர்ட்டில் நான் பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, கோட்டுச்சேரியிலிருந்து ஒரு பெண் வாராவாரம் வருவார். ஒடிசலான உடம்பு. தாலிக் கயிற்றில் மட்டும் ஒவ்வொரு முறையும் புது மஞ்சள் பூசியிருக்கும். பிரான்சுக்குப் போன புருஷன், இவர் செத்துவிட்டதாகச் சொல்லி அங்கே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். இவர் அந்த நாட்டிலேயே வழக்குப் போட்டிருந்தார்.

"கடுதாசி வந்துச்சா சார்?" என்பார்.

ஒருநாள் வந்தது. தலைப்பிலிருந்த 'ரொகத்துவார்' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டார்.

"லத்தீன்ல 'ரொகாரே'ன்னா வேண்டிக் கேக்கறது. விவரம் விசாரிச்சுச் சொல்லுங்கன்னு அந்த நாட்டு கோர்ட்டு நம்ம கோர்ட்டை வேண்டிக் கேக்குதும்மா."

"என்ன விவரம்?"

"நீங்க உசுரோட இருக்கீங்களான்னு."

சிரித்தார். "நான் பத்து வருஷம் எழுதி எழுதிக் கேட்டேன். அந்தாளு ஒரு வரி போடல. இப்ப அவன் நம்பிப் போன நாடே என்னைய வேண்டிக் கேக்குது. கேக்கட்டும்."

நீதிபதி முன் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டார். நான் பதிலை உறையிலிடும்போது, "இருங்க" என்றார். தாலிக் கயிற்றில் கட்டைவிரலைத் தேய்த்து, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல் காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தார்.

"கோர்ட்டுக் காகிதம்மா இது!"

"நல்ல சேதிதானே சார்."

அந்த ஊர் நீதிபதிக்கு அது வெறும் கறை. அங்கே கோர்ட்டில் அதைப் பார்க்கும் புருஷனுக்குப் புரியும். துடைக்காமல் ஒட்டி அனுப்பினேன்.