களப்புக் கரையில் ஒரு தரிப்பிடம்: திருகோணமலையிலிருந்து தம்பலகாமம் வரை ட்ரொலிப் பயணம்

எழுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம் திருகோணமலைக்குப் போனேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கொழும்பில் நான் வேலை செய்த திட்ட அலுவலகம் அனுப்பியது. ஆனாலும் போய் வந்ததைக் கேட்டவர்கள் எல்லோரும் “எழுதுங்கோ, நாங்களும் அந்தப் பக்கம் போக இருக்கிறம்” என்றார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தபிறகுதான் எழுத மனம் வந்தது.

விஷயம் இதுதான். எண்ணெய் விலை ஏறி பஸ்கள் குறைந்திருந்த காலம் அது. திருகோணமலை நகரத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கு இரட்டைப் பெட்டி ரயில்கார் ஒன்றைக் காலையும் மாலையும் ஓட்டலாம் என்று எங்கள் அலுவலகம் ஒரு திட்டம் போட்டது. நகரத்திலிருந்து தம்பலகாமம் வரை ஏற்கெனவே இருக்கும் தண்டவாளத்தில் ஐந்து புதிய சிறு தரிப்பிடங்கள். அதோடு சீனன்குடாவிலிருந்து கிண்ணியாத் துறை வரை ஐந்து மைல் நீளத்தில் புத்தம் புதிய ரயில் பாதை. வரைபடத்தில் அதைப் பச்சைப் பென்சிலால் கீறியவள் நான்தான். தரிப்பிடங்களைக் கவராயத்தால் சம தூரத்தில் குறித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. “நாலு நாள் போய், இடத்தைப் பார்த்து, சரியெண்டு எழுதிக்கொண்டு வாருங்கோ” என்றார் எங்கள் மேலதிகாரி.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இரவு எட்டரைக்கு ரயில் ஏறினேன். கல்லோயாச் சந்தியில் வண்டியைப் பிரித்து ஒரு பாதியை மட்டக்களப்புக்கும் மறுபாதியைத் திருகோணமலைக்கும் அனுப்புவார்கள். எந்தப் பெட்டியில் ஏறுகிறோம் என்பதைக் கோட்டையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. என் பெட்டியில் இருந்த ஒரு மனிதர் கேட்காமல் ஏறி, சந்தியில் பெட்டியும் கையுமாக ஓடினார். காலை ஆறு நாற்பதுக்குத் திருகோணமலை. துறைமுகத்து நீர் அசையாமல் கிடந்தது.

ஸ்டேஷனில் கதிர்காமு அண்ணை காத்திருந்தார். தண்டவாளப் பராமரிப்பில் இருபது வருடம் வேலை செய்தவர். என்னைப் பார்த்ததும் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“கொழும்பு ஐயா வரேல்லையோ?”

“நான்தான் அண்ணை வந்தனான்.”

“அப்ப சரி மிஸ், ஏறுங்கோ. தொப்பி இருக்கோ?”

இருக்கவில்லை. தன் குடையை எடுத்துத் தந்தார்.

ட்ரொலி என்பது நாலு சின்னச் சில்லுகளின் மேல் ஒரு பலகை வாங்கு, அவ்வளவுதான். இரண்டு பேர் தண்டவாளத்தின் மேல் வெறுங்காலால் ஓடித் தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் பின்னால் தொற்றிக்கொள்வார்கள். இடப்பக்கம் கடல் நீர் கையெட்டும் தூரத்தில் வரும். இப்படியொரு பயணத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

ஆனால் என் வரைபடம் முதல் மணித்தியாலத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது. இரண்டாவது தரிப்பிடம் என்று நான் குறித்த இடத்தில் இரண்டு பக்கமும் பாறை வெட்டு. நிற்கவே இடமில்லை. மூன்றாவது, தனிக் காடு. “இதில ஆர் ஏறப் போகினம் மிஸ், குரங்கோ?” என்றார் அண்ணை. தள்ளியவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அரை மைல் தள்ளி, பாலை மரங்களுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை தண்டவாளத்தைக் கடந்தது. மண் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. அதைப் பார்த்து என் புள்ளியை மாற்றினேன். அன்று முழுக்க இதே வேலைதான். மனிதக் கால் தேய்த்த இடம் எது என்று பார்ப்பது, பென்சிலை அழிப்பது.

இரண்டாம் நாள் புதிய பாதை வரும் வழியைச் சீனன்குடாவிலிருந்து நடந்து பார்க்கப் புறப்பட்டேன். முக்கால் மைல்கூடப் போகவில்லை. எண்ணெய்த் தாங்கிகளின் பக்கத்தில் ஒரு காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். அலுவலகம் தந்த கடிதத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்குள்ளால போக ஏலாது மிஸ்.”

“நான் நடக்கத்தான் கேக்கிறன்.”

“நீங்கள் நடக்கவே ஏலாது எண்டா, கோச்சி எப்பிடிப் போறது?”

அவர் நக்கலாகச் சொல்லவில்லை, ரயில் எப்படிப் போகும் என்று உண்மையாகவே கேட்டார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பஸ் எடுத்து வெள்ளைமணல் தாண்டித் துறைக்குப் போய்ச் சேரும்போது பகல் பதினொன்றரை.

துறையைக் கடக்கும் மிதவையை அங்கே ‘பாதை’ என்கிறார்கள். மாட்டுவண்டி, சைக்கிள், ஆட்கள் எல்லாம் ஒன்றாக ஏறி, பத்து நிமிடத்தில் அக்கரை போகலாம். கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் ஒழுங்கு செய்திருந்தார்கள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். வரைபடத்தைச் சுவரில் ஒட்டியதும் எல்லோர் முகமும் மலர்ந்தது. கிண்ணியாத் துறைக்குக் கோச்சி வரப்போகிறது என்றால் சும்மாவா? இஞ்சித் தேநீரும் வட்டிலப்பமும் வந்தன. நான் என் பச்சைக் கோட்டைப் பற்றிப் பெருமையாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

பின் வரிசையில் சேலைத் தலைப்பால் முக்காடு இட்ட ஒரு பெண் எழுந்தார். சுபைதா. முப்பத்தைந்து வயதிருக்கும். திருகோணமலை ஆஸ்பத்திரியில் சிற்றூழியர்.

“மிஸ், இது எப்ப வரும்?”

“ஆறு வருஷம் செல்லும்.”

“எனக்கு ஏழு மணிக்கு டியூட்டி. அதுக்கு முந்தி வார்டில நிக்கணும். முதல் பாதை அஞ்சே முக்காலுக்கு. அக்கரையில பஸ் வந்தா ஏழு அஞ்சு. வராட்டி ஏழரை. பிந்தி வாறன் எண்டு ரெண்டு கடிதம் தந்துட்டாங்க. இன்னொண்டு வந்தா வேலை போயிரும். மூணு பிள்ளை இரிக்கி. ஆறு வருஷத்துக்குப் பிறகு கோச்சி வந்து எனக்கு என்ன செய்ய?”

யாரோ “சும்மா இரி சுபைதா” என்றார்கள். அவர் இருக்கவில்லை. சுவரருகே வந்து வரைபடத்தைப் பார்த்தார். தம்பலகாமக் குடாவை, அந்த அகன்ற களப்பை, விரலால் தொட்டார். அதன் அக்கரையில் தண்டவாளம் நீரை ஒட்டிக் கறுப்புக் கோடாகப் போனது.

“இதுதானே கோச்சி போற பாதை? எங்கட நானா விறகு வெட்டப் போறவங்கள வள்ளத்தில இந்தக் கரையிலதான் இறக்குவார். முக்கால் மணித்தியாலம். இதில நிப்பாட்ட ஏலாதா?”

நான் கவராயத்தை எடுத்து அளந்தேன். அந்த இடத்தில் என் ஐந்து புள்ளிகளில் ஒன்றுகூட இருக்கவில்லை. குடியிருப்பே இல்லாத கரை என்று விட்டிருந்தேன். களப்பை ஒரு தடையாகத்தான் பார்த்தேனே தவிர வழியாகப் பார்க்கவில்லை.

“நாளைக்கு விடிய உங்களோட நான் வரலாமா?” என்று கேட்டேன்.

“பிந்தினா மூணாவது கடிதம் மிஸ்.”

“பிந்தினா நான் வந்து கதைக்கிறன்.”

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, “ஓம், வாங்க” என்றார்.

அன்று சுபைதா வீட்டிலேயே தங்கினேன். அஞ்சலகத்திலிருந்து கதிர்காமு அண்ணைக்குச் சொல்லி அனுப்பி, காலையில் அந்தக் கரைக்கு ட்ரொலியைக் கொண்டுவரச் சொன்னேன்.

காலை ஐந்து பத்துக்கு வள்ளம் புறப்பட்டது. சுபைதாவின் அண்ணன் ஜுனைதீன் நானா தண்டு வலித்தார். களப்பு கண்ணாடிபோலக் கிடந்தது. இறால் வலைகளின் கம்புகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தெரியத் தொடங்கின. ஐந்து ஐம்பதுக்குக் கரை. நான் முதலில் இறங்கினேன். முழங்கால்வரை சேறு. ஒரு செருப்பு அங்கேயே போய்விட்டது. “கொழும்பு மிஸ், நடுவால போகாதீங்க, கண்டல் வேரைப் பிடிச்சுப் போங்க” என்று நானா கத்தினார். மேட்டில் ஏறி, பற்றைகளுக்குள்ளால் முந்நூறு யார் தூரம் நடந்தால் தண்டவாளம். ஐந்து ஐம்பத்தெட்டு.

கதிர்காமு அண்ணை நின்றார். ஆனால் ட்ரொலியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

“ஏன் அண்ணை, போவமே?”

“மெயில் வர இருக்கு மிஸ். அது போகாமல் வைக்க ஏலாது.”

ஆறு பன்னிரண்டுக்குக் கொழும்பு மெயில் வந்தது. நான் இரண்டு நாள் முன்பு வந்த அதே வண்டி. பின் பெட்டிகள் பாதி காலி. எங்களைத் தாண்டிப் போனது. சுபைதா தன் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

“இது ஒரு நிமிஷம் நிண்டிருந்தா நான் ஆறு அம்பத்தஞ்சுக்கு வார்டில நிப்பன்.”

நான் எழுதப்போகும் அறிக்கை முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. மெயிலை நிறுத்த விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ரயில்காரை மெயிலுக்கு முன்னால் விடலாமே!

ட்ரொலியைத் தூக்கி வைத்தார்கள். எட்டு மைல். தள்ளிய இருவரும் மூச்சிரைக்க ஓடினார்கள். சீனன்குடாவில் கதிர்காமு அண்ணையே இறங்கித் தள்ளினார். அவருக்கு ஐம்பது வயது. “விடுங்கோ அண்ணை” என்றேன். “பிள்ளையின்ர வேலையல்லோ” என்றார். என்ன செய்தும் ஸ்டேஷனுக்கு ஏழு இருபத்தைந்துதான். ஆஸ்பத்திரி வாசலுக்கு ஏழு நாற்பது.

சேறு காய்ந்த கால், ஒரு செருப்பு, கலைந்த தலை. அந்தக் கோலத்தில்தான் ஆஸ்பத்திரித் தாதியரின் தலைவியான மேற்றன் முன்னால் போய் நின்றேன். கண்டிப்பான மனுஷி. பேனையைக் கீழே வைக்காமலே பார்த்தார்.

“இவ இண்டைக்குப் பிந்தினதுக்கு நான்தான் காரணம்.”

“இண்டைக்கு நீங்கள். முந்தின நாளெல்லாம் ஆர்?”

“முந்தின நாளெல்லாம் பஸ்” என்றேன். வரைபடத்தை அவருடைய மேசையில் விரித்தேன். வள்ளம், சேறு, மெயில் எல்லாவற்றையும் நேரத்தோடு சொன்னேன். அவர் சுபைதாவைப் பார்த்து, “ஒவ்வொரு நாளும் விடிய முந்தியா வீட்டால வெளிக்கிடுறாய்?” என்று கேட்டார். “ஓம் மேற்றன்.” “ஏன் இதை முந்திச் சொல்லேல்ல?” சுபைதா நிலத்தைப் பார்த்தார். “கேக்கேல்லையே.”

மேற்றன் பேனையை மூடினார். “அந்தக் கரையில கோச்சி நிக்கத் தொடங்கும்வரைக்கும் எட்டு மணிக்கு வா. பின்னேரம் ஒரு மணித்தியாலம் கூட நில்.” பிறகு என் காலைக் காட்டி, “உங்களுக்குச் செருப்பு வேணும்” என்று ஆஸ்பத்திரி றப்பர் செருப்பு ஒரு சோடி எடுப்பித்துத் தந்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் கொழும்பு திரும்பினேன்.

மேலதிகாரி அறிக்கையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “புதுப் பாதையை உறுதிப்படுத்தத்தானே அனுப்பினனான்? நீங்கள் அதை அழிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள்.” அந்தக் கோட்டைக் கீற எனக்கு ஐந்து மாதம் எடுத்திருந்தது. “பாதையைப் பிறகு போடலாம் சேர். தரிப்பிடத்தை இந்த வருஷமே போடலாம்” என்றேன். அறிக்கையில் தன் பெயரைப் போடமாட்டேன் என்றார். என் பெயரோடு மட்டும் மேலே போனது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகளில் பழையதும் கொஞ்சம் சரளையும் போதும் என்பதால்தானோ என்னவோ, எட்டு மாதத்தில் அனுமதி வந்தது. சேற்றின் மேல் ஒரு சிறு மரத்துறையும் கேட்டிருந்தேன். அதையும் தந்தார்கள். ஐந்து மைல் பாதை இன்னும் அலுமாரிக்குள்தான் இருக்கிறது.

போன மாதம் மறுபடி போனேன். இம்முறை விடுமுறையில். போக நினைப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். மாசி முதல் ஆவணி வரை களப்பு அமைதி. மார்கழியில் வள்ளப் பயணம் வேண்டாம். கிண்ணியாவில் வள்ளத்துக்கு ஆளுக்கு ஐம்பது சதம். ஐந்து மணிக்கே கரைக்குப் போய்விடுங்கள். இப்போது நாலு வள்ளங்கள் ஓடுகின்றன, ஆனால் ஆசிரியர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மீன்காரரும் முந்திவிடுவார்கள். தொப்பி கொண்டுபோங்கள். சீனன்குடாவில் படம் எடுக்காதீர்கள். திட்டம் போடுகிற வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வரைபடத்தை மடித்துவிட்டு, வேலைக்குப் போகிற ஒருவரோடு அவர் புறப்படும் நேரத்தில் புறப்படுங்கள். ஒரு காலை போதும்.

ரயில்கார் ஆறு ஐந்துக்கு அந்தத் தரிப்பிடத்தில் ஒரு நிமிடம் நிற்கும். அன்று முப்பது பேர்வரை ஏறினோம். இரண்டாவது பெட்டியில், தண்ணீர்ப் பக்க ஜன்னலில் தலை சாய்த்தபடி சுபைதா தூங்கிக்கொண்டிருந்தார். பை மடியில், முக்காடு நெற்றிவரை இறங்கி, வாய் சற்றே திறந்து. நான் எதிர் வாங்கில் இருந்தேன். எழுப்பவில்லை. நகரம் வர இருபத்தைந்து நிமிடம் ஆகும். நீங்கள் அந்த வண்டியில் போனால் தயவுசெய்து மெதுவாகக் கதையுங்கள்.