வேன்காரர் தேடிய நம்பர்

தலவாக்கலையில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் வெப் டிசைன் சொல்லிக் கொடுக்கிறேன். புதிய பிள்ளைகளுக்கு முதல் வாரம் கோட் எழுதக் கற்றுத் தருவதில்லை. வெப்சைட்டுகளைத் திறந்து காட்டி, இது நல்லதா, மோசமா, ஏன் என்று கேட்பேன். படம் பெரிதாக இருந்தால் நல்லது, எழுத்து நிறைய இருந்தால் மோசம் என்பார்கள். ஒரு வகுப்பில் அந்த எண்ணம் கலைந்த விதத்தைச் சொல்கிறேன்.

ஷர்மிளா லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா சந்திரன் வேன் ஓட்டுகிறார். குடும்பங்களை இறம்பொடை, நுவரெலியா என்று கூட்டிப் போவார். கோர்ஸ் முடிவில் ஆளுக்கொரு வெப்சைட் செய்ய வேண்டும். அவள் அப்பாவின் வேனுக்குச் செய்தாள். ஸ்கிரீன் முழுக்கப் பனிமூட்டத்தில் தேயிலை மலை, அதன் மேல் மெல்லிய வெள்ளை எழுத்து. போன் நம்பரும் மற்ற விவரங்களும் மூலையிலிருந்த மூன்று கோட்டு மெனுவுக்குள் இருந்தன. அதுதான் சிறந்தது என்று வகுப்பே கை தூக்கியது.

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சந்திரனின் வேனைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவரைப் போல ஐம்பதைத் தாண்டியவர்கள். நான் குறை சொல்வதைவிட அவள் கண்ணால் பார்ப்பது நல்லது என்று, ஹயர், அதாவது வாடகை ஓட்டம், இல்லாத ஒரு நாளில் அவரை வரச் சொன்னேன்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். மகள் செய்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். படத்தைப் பார்த்து, அது தங்கள் மலைதான் என்று சிரித்தார். பிள்ளைகள் யாரும் வாய் திறக்கக் கூடாது, கை காட்டவும் கூடாது என்று சொல்லிவிட்டு அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, நீங்க கண்டியிலருந்து வர்ற ஆளுன்னு வச்சுக்குங்க. இதப் பாத்து வேனுக்குப் போன் பண்ணுங்க."

தன் போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எழுத்து பனியோடு கலந்து கிடந்தது. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று கோடுகளை அவர் தொடவே இல்லை. ஷர்மிளா ஷால் நுனியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் போனை என்னிடம் நீட்டினார். "புள்ள நல்லாத்தான் செஞ்சிருக்கு மிஸ். எனக்குத்தான் பாக்கத் தெரியல. நான் அவ்வளவா படிக்கலீங்க."

"இல்லப்பா." ஷர்மிளா எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். "ஒங்க மேல தப்பில்ல. நாந்தான் நம்பர ஒளிச்சு வச்சிட்டேன்."

அடுத்த இரண்டு வகுப்புகளுக்கு அவள் வரவில்லை. எல்லோர் முன்னிலும் அப்பாவைச் சங்கடப்படுத்திவிட்டேன் என்ற கோபமோ என்று எனக்கு மனசு சரியில்லை. பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு நாளும் அப்பா பக்கத்தில் வேனில் உட்கார்ந்து, கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். எத்தனை பேர் ஏறலாம், தோட்டத்து ரோட்டில் மேலே வரைக்கும் வருமா, வழியில் கோயிலில் நிறுத்துவீர்களா. அந்த மூன்றுக்கும் பதில் இப்போது அவளுடைய வெப்சைட்டில் வெள்ளைப் பின்னணியில் பெரிய கறுப்பு எழுத்தில் இருந்தது. உச்சியில் நம்பர், தொட்டால் போன் போகும். பனிமலை கீழே சின்னதாக இருந்தது.

டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன் ரிஸ்வான், முந்தி இருந்ததுதான் அழகு என்றான். அவள் வாதாடவில்லை. "ஒன் போன்ல தொறந்து கூப்பிட்டுப் பாரு" என்றாள்.

அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம், சந்திரன் பேசுறேன். எங்க போகணுங்க?"

ரிஸ்வான் எங்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலைகளை எண்ணினான். "இறம்பொடைக்கு, அங்கிள். எட்டுப் பேரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே போனோம். போகிற வழியெல்லாம், தன் வெப்சைட்டைப் பார்த்து வந்த முதல் ஹயர் நாங்கள்தான் என்று சந்திரன் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போதெல்லாம் நல்லதா, மோசமா என்று கேட்பதற்கு முன், இதை யார் திறப்பார், எதற்குத் திறப்பார் என்று கேட்கிறேன். அந்த ஆள் தடுமாறி, "எனக்குத்தான் தெரியல" என்று தன்னையே நொந்துகொண்டால், அந்த டிசைன் மோசம். என் வகுப்பில் முதல் பாடம் இதுதான்.