ராத்திரி பாசஞ்சருக்குக் கேட் மூடுகிறவன்

விடியாத மூன்றரை மணிக்குக் கன்னியப்பன் தண்டவாளத்தில் காதை வைக்கிறான். ஒன்றும் கேட்பதில்லை. எழுந்து, காதைத் துடைத்துக்கொண்டு கேட்டை மூடுகிறான். நாலரை வரை திறக்க மாட்டான்.

ஆம்பூருக்கு மேற்கே ரயில்வே கேட்டில் அவனுக்கு எட்டு வருஷ வேலை. மதராஸுக்குப் போகிற ராத்திரி பாசஞ்சர் அந்த நேரத்தில்தான் வந்துகொண்டிருந்தது. பஸ் ஓட ஆரம்பித்ததும் கூட்டம் குறைந்தது. தை மாதத்தோடு ரயில் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் உத்தரவை இரண்டு தரம் படித்துக் காட்டினார். கன்னியப்பன் தலையாட்டினான். அன்றைக்கும் மூடினான்.

தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பச்சைத் தோல் ஏற்றி வரும் மாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். நானும் அந்த வண்டிகளோடு வருகிறவன்தான். வெயில் ஏறுமுன் தோல் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்காவிட்டால் அழுகிப்போகும்.

"இன்னா கன்னியப்பா, உன் மாமியாரு வர்றாளா அதுல?" என்பான் முதல் வண்டி மஹபூப் பாஷா.

"லேட்டுபா. என்னிக்கு அது டயத்துக்கு வந்துச்சு?"

"ஆறு மாசமாவா லேட்டு?"

கன்னியப்பன் மேற்கே பார்த்துக்கொண்டிருப்பான்.

இத்தனை தோல் புரளும் ஊரில் செருப்பே போடாதவன் அவன். காரணத்தை ஒரே தரம் சொன்னான். அப்போது அவன் ரயில்பாதைக் கூலி. பழைய கேட்காரன், பாசஞ்சர் போய்விட்டது என்று வண்டிக்காரன் சொன்னதை நம்பித் திறந்துவிட்டான். "பச்சைத் தோலு வண்டி. லாந்தர் வெச்சிக்கினு பொறுக்குனேன். எது தோலு, எது மனுசன்னு தெரியல. ஒண்ணொண்ணா தடவிப் பாத்து பிரிச்சேன்." சொல்லி முடிக்கிற வரை விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஷாப்புக்காரர்கள் மனுப் போட்டார்கள். நேற்று ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்தார். இன்னொரு தரம் அந்த நேரத்தில் மூடினால் வேலையும் போகும், குடியிருக்கிற கேட் வீடும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் பெண்சாதி எல்லம்மாவுக்கு இது எட்டாம் மாதம்.

இன்று வண்டிகள் வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். "தொறந்தே வுடுய்யா. இல்லாத வண்டி எப்டி வரும்?"

"அன்னிக்கும் இப்டித்தான் சொன்னாங்க."

காதை வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான். கேட்டை மூடவில்லை. மஹபூப் பாஷா சிரித்துக்கொண்டே மாட்டைத் தட்டினான்.

முதல் சக்கரம் தண்டவாளத்தில் ஏறுவதற்குள் கன்னியப்பன் சிவப்பு லாந்தரைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினான். நூறு அடி தள்ளி, பாசஞ்சர் வரும் பாதையின் நடுவில், இருட்டைப் பார்த்து நின்றான். பதினான்கு வண்டிகளும் கடந்து முடிகிற வரை அவன் கை இறங்கவில்லை. லாந்தர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.