லோன் இல்லை சார், பிளேட்லெட்!

எதிர்முனையில் இருப்பவர் எந்த நொடியும் போனை வைத்துவிடுவார் என்று தெரிந்தே வாயைத் திறப்பதுதான் எங்கள் தொழில். கோயில் திருப்பணிக்கோ, பள்ளிப் பழைய மாணவர் கூட்டத்துக்கோ நாலு பேருக்குப் போன் போட்டு நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ‘அட, நம்ம கட்சி!’ என்று என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கால் சென்டரில் ஒன்பது வருடம் லோனும் கிரெடிட் கார்டும் விற்றவள் நான். இப்போது அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், மாடிப்படிக்குக் கீழே ஒரு தொண்டு அமைப்பு போட்டுக்கொடுத்த மேஜையில் உட்கார்ந்து, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்காகப் பிளேட்லெட் தானம் கேட்கிறேன். கீமோ மருந்து நோயை அடிக்கும்போது ரத்தத்தில் இருக்கும் பிளேட்லெட்டையும் சேர்த்து அடித்துவிடும். அது குறைந்தால் ரத்தம் உறையாது. எடுத்து வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் முன்கூட்டியே சேர்த்து வைக்கவும் வழியில்லை. தேவைப்படும்போது ஒரு ஆள் வந்து மெஷினில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த ஆளைப் பிடித்து வருவது என் வேலை.

பழைய குரல்

வேலைக்குச் சேர்ந்த மாதமே ரித்திகா வந்தாள். ஆறு வயது. ரத்தப் புற்றுநோய். அப்பா மாரி வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்குமாடியில் வைத்தார்களே, அதில் ஒரு குடும்பம். பழைய அக்கம்பக்கம் திசைக்கொன்றாகப் போய்விட்டது, புதிய அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது. “யார்னா சொந்தக்காரங்க, சிநேகிதங்க இருந்தா கூப்பிடுங்க” என்றேன். “கேக்கறதுக்கு ஒரு மாதிரியா கீது மேடம்” என்று தலையைக் குனிந்துகொண்டார். கேட்பதற்கு எனக்கென்ன கூச்சம்? ஒன்பது வருடம் அதற்குத்தானே சம்பளம் வாங்கினேன்!

தானம் செய்யச் சம்மதித்தவர்களின் பட்டியலை எடுத்து, மேற்கு மாம்பலத்துக்காரர் ஒருவருக்குப் போட்டேன். “வணக்கம் சார்” என்றதும் “வேணாம்மா” என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், மறுபடி வைத்தார். குரலில் கால் சென்டர் தேன் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் என்ன செய்வேன்? மூன்றாம் முறை வணக்கத்தை விட்டுவிட்டு, “சார், லோன் இல்லை! ஆறு வயசுக் குழந்தைக்குப் பிளேட்லெட்!” என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. இந்த முறை அவர் போனை வைக்கவில்லை. “நீ எனக்கு முன்னாடி பர்சனல் லோன் தரேன்னு துரத்தின பொண்ணுதானே? அன்னைக்கு வேணாம்னேன், சரி. இன்னைக்கு எங்க வரணும், சொல்லு.”

திருப்பித் தருவேளா?

ரித்திகாவுக்கு அடுத்த முறை தேவைப்பட்டபோது மயிலாப்பூரில் ஒரு பையனைப் பிடித்தேன். பையன் என்றால் இருபத்தெட்டு வயது. போனை எடுத்தது அவன் அம்மா. “அவன் ஆத்துல இல்லையே, என்ன விஷயம்?” என்றார். சொன்னேன். “ரெண்டு மணி நேரம் ரத்தம் எடுப்பேளா? கொழந்தை ஏற்கெனவே நோஞ்சான்!” என்று பதறிவிட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருப்பேன். ஒரு கையில் ரத்தம் எடுத்து, மெஷின் அதிலிருந்து பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை அவருக்கே திருப்பி ஏற்றிவிடும், போன பிளேட்லெட்டும் இரண்டு மூன்று நாளில் உடம்பிலேயே ஊறிவிடும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மாமி நம்பவில்லை. மகனோடு தானும் வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்தார். முடிந்து கிளம்பும்போது என் மேஜைக்கு வந்து சொன்னார்: “பக்கத்தாத்துக்கு ஒரு டப்பா கொடுத்தா திரும்பி வரதில்லை. நீங்க ரத்தத்தையே திருப்பித் தரேளே! அடுத்த தடவை எப்போன்னு சொல்லுங்கோ, அழைச்சுண்டு வரேன்.”

மாரி கொண்டுவந்த ஆள்

ஒரு நாள் மாரியே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடப் பெயின்ட் அடிப்பவர், பெயர் தேசிங்கு. வாழ்க்கையில் முதல்முறையாக மாரி வாய்விட்டு ஒருவரிடம் கேட்டிருக்கிறார், அந்தப் பெருமை முகத்தில் தெரிந்தது. நல்ல குரூப், நல்ல எடை, கயிறு மாதிரி நரம்பு. நர்ஸ் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே “நேத்து குடிச்சீங்களா?” என்று கேட்டதும் தேசிங்கு பெருமையாக, “ஆமா சிஸ்டர், தெம்பா இருக்கணும்னு கொஞ்சம் சேத்தே போட்டேன்” என்றார்.

குடித்த மறுநாள் எடுக்கமாட்டார்கள். மாரியின் முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு வேறொருவரைத் தேடிப் பிடித்துச் சமாளித்துவிட்டேன். தேசிங்கு இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் காலை எட்டு மணிக்குக் குளித்து, விபூதி பூசி, சலவைச் சட்டையோடு ரத்த வங்கி வாசலில் நின்றார். கதவைத் திறந்த நர்ஸிடம் கேட்டார்: “மூணு நாளா தொடல. ஊதிக் காட்டட்டா சிஸ்டர்?”

மீட்டிங்

ஐ.டி.காரர்களைக் கூப்பிட்டால் பத்துக்கு ஒன்பது பேர் மீட்டிங்கில் இருப்பார்கள். மந்தைவெளியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மீட்டிங்லதான் மேடம் இருக்கேன். ஆனா நான் எழுந்து போனாலும் இங்க ஒருத்தருக்கும் தெரியாது. இதோ கிளம்பிட்டேன்.”

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு

அன்று காலை ரித்திகாவுக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்து நிற்கவில்லை. கைவசம் ஒரு பாக்கெட்கூட இல்லை. “சாயங்காலத்துக்குள்ள ஏத்தியாகணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பட்டியலில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள், மீதிப் பாதி தி.நகரில் துணி எடுக்கிறார்கள், ரிங் போவதே அவர்கள் காதில் விழவில்லை. பதினொரு மணி வரை முயன்று ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. மாரி எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தி.நகரில் என்றால் தி.நகரையே கூப்பிடுவோம் என்று, நான் வழக்கமாகப் புடவை எடுக்கும் ஜவுளிக்கடைக்குப் போட்டேன். முதலாளி தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி. வருடத்திலேயே பெரிய வியாபார நாள் அது. திட்டு விழும் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். “என்ன குரூப்பும்மா?” என்றார். காணாமல் போன குழந்தைகளை அறிவிக்கும் கடை மைக்கில், “நம்ம ஸ்டாஃபுல ஓ பாசிட்டிவ் உள்ளவங்க உடனே கல்லாவுக்கு வாங்க” என்று அவர் அறிவித்தது எனக்குப் போனிலேயே கேட்டது.

நெரிசலில் நீந்தி ஆறு பேர் வந்து சேர மணி ஒன்றரை. நர்ஸ் முதல் கேள்வி கேட்டார்: “சாப்பிட்டீங்களா?” ஆறு பேரும் ஒரே குரலில், “இல்லைங்க!” ரத்தம் என்றால் வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்று பட்டுப்புடவைப் பிரிவின் செல்வி எல்லோரையும் தடுத்திருக்கிறார். சுகர் டெஸ்ட்டுக்குப் போன அனுபவம்! கடையில் காலைச் சாப்பாட்டுக்கும் நேரமில்லை, இதற்காக மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, விரதம் மாதிரி வந்து நிற்கிறார்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் மயங்கி விழுவார்கள். சாப்பிட்டு வரச் சொல்ல மறந்தது நான். இத்தனை வருடம் பேசியே பிழைத்தவள், சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. எதிர் ஓட்டலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மாரி தானே பரிமாறினார். ஆறு பேரும் சாம்பார் சாதத்தைப் பந்தயம் மாதிரி சாப்பிட்டார்கள். திரும்பி வந்து பரிசோதித்ததில், உடனே உட்காரத் தகுதியானவர் செல்வி. நாளெல்லாம் புடவைக் கட்டு தூக்கி இறக்கிய கை, நரம்பு தேடவே வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் ஏற்றினார்கள். மாரி மாடியிலிருந்து இறங்கி வந்து, “நின்னுட்ச்சு மேடம்” என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன்? அந்த நேரத்தில் அண்ணாச்சி போன் செய்தார்: “ஆறு பேரை அனுப்பினா ஒருத்திகிட்டதான் எடுத்தியாமே? மிச்சம் அஞ்சு பேரையும் நாளைக்கு இட்லி தின்ன வச்சே அனுப்புதேன், பாத்துக்க.”

வேலைக்கு மனு

ரித்திகாவின் சிகிச்சை இரண்டரை வருடம் நடந்தது. கடைசி மாத்திரையும் முடிந்து, பரிசோதனையும் நன்றாக வந்து, டாக்டர் “இனி செக்கப்புக்கு மட்டும் வந்தா போதும்” என்று சொன்ன அன்று, மாரி அவளை என் மேஜைக்குக் கூட்டி வந்தார். கிருமி பயத்தால் அதுவரை நான் அவளைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். இரட்டைப் பின்னல் போடும் அளவுக்கு முடி. முன்பல் இரண்டு புதிதாக முளைத்து, வாயை விடப் பெரிதாக இருந்தன. இவளுக்காக நான் எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்! அடக்கமாக எழுத வேண்டும் என்று பார்க்கிறேன், வரவில்லை. அன்று என் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துத்தான் போயிற்று.

வந்தவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். “ஆன்ட்டி, ரத்தம் குடுக்கற லிஸ்ட்ல என் பேர எழுதிக்கோ.” பதினெட்டு வயது ஆக வேண்டுமே என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “சரி, வெய்ட் பண்றேன்” என்றாள். அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை பட்ட குழந்தையிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. இந்த நோய் வந்து குணமானவர்களிடம் பெரியவர்களானாலும் ரத்தம் வாங்க மாட்டார்கள் என்று சொன்னேன். முகம் வாடியது. மாரி அவளைத் தேற்றக் குனிந்தார். அதற்குள் அவள் என் போனையும், என் நாற்காலியையும், என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்போ உன் சேர்ல குந்திகினு நான் போன் பண்றேன். எனக்கே ஏத்துனாங்கோ, நான் நல்லா கீறேன்னு நானே சொன்னா, எவன் கட் பண்ணுவான்?”

ஊரே வந்து உட்கார்ந்து பிழைக்கவைத்த பெண், கடைசியில் உலை வைத்திருப்பது என் வேலைக்குத்தான்.